வேலை போனால் கைக்கு வர வேண்டிய காசு: மலையகத் தொழிலாளருக்கு ஓர் எளிய விளக்கம்

கனடாவிலோ லண்டனிலோ சொந்தக்காரர் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி எப்படியும் எழும்: "அங்கெல்லாம் வேலை போனால் அரசாங்கம் மாதாமாதம் காசு போடுதாமே, இங்கே அதுக்கு எந்த ஆபிஸில எழுதிக் குடுக்கணும்?" இலங்கையில் அப்படியோர் ஆபிஸ் இல்லை. வேலை இழந்தவருக்கென்று காப்புறுதித் திட்டமோ மாதக் கொடுப்பனவோ நம் சட்டத்தில் கிடையாது. அதற்குக் கிட்டத்தில் வந்தது 2020 மே மாதம், கொரோனா முடக்கத்தின்போது, அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து செய்த ஏற்பாடு ஒன்றுதான். வேலைக்கு அழைக்க முடியாமல் வீட்டில் இருந்த தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இதில் எது கூடவோ அதைக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அது தற்காலிகமானது, முடிந்தும் போனது.

அப்படியென்றால் வேலை போனவர் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போக வேண்டுமா? இல்லை. நட்டஈடு, சேவைக்காலப் பணம், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்), ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்) என்று நான்கு வகைக் காசு உண்டு. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, போக வேண்டிய இடம் வேறு, காலக்கெடு வேறு. எல்லாவற்றையும் "ஈ.பி.எஃப். காசு" என்று ஒரே பெயரில் பேசிப் பழகிவிட்டதால், 55 வயதில்தான் கிடைக்கும் என்று நினைத்து, உடனே கிடைக்கக்கூடியதையும் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இந்தக் காசில் பெரும்பங்கு கிடைக்குமா கிடைக்காதா என்பது, வேலையை விட்டு வரும் அன்று எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதில் தங்கியிருக்கிறது. அதனால் முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்கிறேன்.

விலகல் கடிதமா, வேலைநீக்கமா?

நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலம் முடிந்து கூட்டம் குறைந்துவிட்டது. ஹோட்டலில் எட்டு வருடம் வேலை செய்த ஒருவரை மனேஜர் கூப்பிடுகிறார். "பிஸ்னஸ் இல்லை தம்பி. இதில ஒரு கையெழுத்துப் போட்டா உன்னுடைய காசையெல்லாம் சீக்கிரமா முடிச்சுத் தர்றேன்" என்கிறார். தாள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: தனிப்பட்ட காரணத்தால் நானாகவே வேலையிலிருந்து விலகுகிறேன்.

அதில் கையெழுத்து விழுந்ததும், ஆள் குறைத்தவர் முதலாளி என்பது மறைந்து, விட்டுப் போனவர் தொழிலாளி என்று ஆகிவிடுகிறது. ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., சேவைக்காலப் பணம் மூன்றும் தானாக விலகியவருக்கும் உண்டு. கையெழுத்துப் போட்டதால் அவை புதிதாகக் கிடைப்பதில்லை, போடாவிட்டால் இல்லாமல் போவதும் இல்லை. ஆனால் நட்டஈடு என்ற பெரிய தொகை அந்தக் கையெழுத்தோடு போய்விடும்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. வேலையாட்களின் சேவையை முடிவுறுத்துவது பற்றிய சட்டம் அது. சராசரியாக 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால், அந்தத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் சட்டப்படி செல்லாது. மனேஜர் ஏன் கையெழுத்துக்கு அவ்வளவு அவசரப்படுகிறார் என்பது இப்போது புரியும். அந்த எழுத்துமூலச் சம்மதத்தைத்தான் அவர் தேடுகிறார்.

சட்டம் "தற்காலிகமாக" வேலை கொடுக்காமல் இருப்பதையும் இதில் சேர்க்கிறது. "கொஞ்ச நாள் வீட்டில இருங்க, நாங்களே கூப்பிடுறோம்" என்று சொல்லி மாதக் கணக்கில் கூப்பிடாமல் இருப்பதும் இதற்குள் வரும். ஒரு நிபந்தனை உண்டு: கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் அந்த முதலாளியிடம் 180 நாளாவது சேவையில் இருந்திருக்க வேண்டும். அனுமதியோடு எடுத்த லீவும் அந்த 180இல் சேரும். தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று குறைத்துக்கொண்டே போகிறார்கள் என்றால், உங்கள் கணக்கு எங்கே நிற்கிறது என்பதை வேலை இருக்கும்போதே தொழில் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டஈடு எவ்வளவு என்பதற்கு வர்த்தமானியில் சூத்திரம் உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6இலிருந்து 14 வருடம் வரை வருடத்துக்கு இரண்டு மாதம். 15இலிருந்து 19 வரை ஒன்றரை, 20இலிருந்து 24 வரை ஒன்று, அதற்கு மேல் 34 வரை அரை மாதம். உச்சவரம்பு 2021இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. நமது ஹோட்டல்காரருக்கு மாதம் 40,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம், அடுத்த மூன்று வருடத்துக்கு ஆறு மாதம், ஆக பதினெட்டரை மாதச் சம்பளம். அதாவது 740,000 ரூபா. அந்த ஒரு கையெழுத்தின் விலை இதுதான்.

ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்துகிறோம் என்றால், காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வாய்ப்பேச்சில் "நாளையில இருந்து வராதே" என்பது போதாது.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. கடிதம் எதுவும் கொடுக்காமல் வாசலில் நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து, "வேலையைக் கைவிட்டுப் போய்விட்டார்" என்று பதிவு போட்டுவிடுவார்கள். அப்படி நடந்தால் அன்றோ மறுநாளோ ஒரு சிறிய கடிதம் எழுதுங்கள். இன்ன திகதி வேலைக்கு வந்தேன், எனக்கு வேலை தரவில்லை, நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், எனக்குரிய பதிலை எழுத்தில் தாருங்கள். இவ்வளவு போதும். போட்டோ கொப்பி ஒன்று எடுத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகத்தில் தரும் துண்டைக் கொப்பியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பிறகு விசாரணை வரும்போது, தானாக விட்டுப் போகவில்லை என்பதற்கு அந்தச் சின்னத் துண்டுதான் சாட்சி.

முறைப்பாட்டைத் தொழில் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் நிறுத்தப்பட்டு ஆறு மாதத்துக்குள். பதினைந்து பேருக்குக் குறைவான இடம் என்றால், அல்லது ஒழுக்காற்றுக் காரணம் சொல்லி நிறுத்தியிருந்தால், தொழில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு, ஆகவே இரண்டுக்கும் முதல் மாதத்திலேயே இறங்கிவிடுவது நல்லது. தொழில் நீதிமன்றத்தில் நீங்களே நேரில் பேசலாம். தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் சங்கம் உங்களுக்காக ஆஜராகலாம். மாதாமாதம் சந்தா வெட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

தமிழில் எழுதிக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் கொடுத்த கடிதத்தை வாங்க மாட்டோம் என்று எந்த அரச அலுவலகமும் சொல்ல முடியாது.

உடனே கைக்கு வரக்கூடியது: ஈ.டி.எஃப்.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்தில் ஒரு சதம்கூட இதற்கு வெட்ட மாட்டார்கள். முழுக்க முழுக்க முதலாளி, சம்பளத்தில் நூற்றுக்கு 3 வீதம், தன் கையிலிருந்து போட வேண்டிய காசு. வேலை போனால் வயது பார்க்காமல் எடுக்கக்கூடிய நிதி இதுதான். வேலையில்லாக் கொடுப்பனவு இல்லாத நாட்டில், வேலையில்லாக் காலத்துக்கு மிகக் கிட்டத்தில் இருக்கும் காசு இது என்று சொல்லலாம்.

ஒரு மாதச் சம்பளத் துண்டை எடுத்துப் பார்ப்போம். நாட்சம்பளம் 1,350 ரூபா, அதாவது 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை வைத்த தொகை. இருபத்தைந்து பேர், அதாவது இருபத்தைந்து நாள் வேலை, விழுந்திருக்கிறது. ஆக 33,750 ரூபா. அதில் ஈ.பி.எஃப். என்று 8 வீதம், 2,700 ரூபா வெட்டியிருப்பார்கள். துண்டில் கண்ணுக்குத் தெரிவது அந்த வெட்டு மட்டும்தான். முதலாளி தன் பங்காக 12 வீதம், 4,050 ரூபா ஈ.பி.எஃப்.க்குப் போட வேண்டும். அதற்கு மேல் ஈ.டி.எஃப்.க்கு 1,012 ரூபா 50 சதம். இந்த இரண்டும் உங்கள் கைக்கு வந்து போகாத காசு என்பதால், போட்டார்களா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாமலே வருடங்கள் ஓடிவிடும்.

ஈ.டி.எஃப். எடுக்க, வேலை முடிந்த திகதியை முதலாளி உறுதிப்படுத்திய விண்ணப்பம், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி ஆகியவை வேண்டும். விண்ணப்பம் போவது ஈ.டி.எஃப். சபைக்கு. தொழில் திணைக்களத்துக்கு அல்ல. இந்த இடத்தில்தான் பலர் தவறான வரிசையில் நின்று ஒரு நாளை வீணாக்குகிறார்கள். கையெழுத்துப் போட்டுத் தர முதலாளி மறுத்தால், மறுக்கிறார் என்பதையே எழுத்தில் சபைக்குத் தெரிவியுங்கள்.

பருவ வேலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலை போனதற்காக ஒரு தடவை ஈ.டி.எஃப். எடுத்துவிட்டால், மறுபடி அதே காரணத்துக்காக எடுக்க ஐந்து வருடம் போக வேண்டும். ஏப்ரலில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், டிசம்பரில் இன்னொன்று, இடையில் மரக்கறித் தோட்டம் என்று ஓடுபவர், முதல் இடைவெளியிலேயே சில ஆயிரம் ரூபாவுக்காக இதை எடுத்துவிட்டால், பிறகு வரும் பெரிய இடைவெளியில் கை வைக்க முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வழியே இல்லை என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் கேள்வி இல்லை. ஒரு மாதம் தள்ள முடியும் என்றால் விட்டு வையுங்கள் என்பதே என் யோசனை.

சேவைக்காலப் பணம்

பணிக்கொடை என்று படிவங்களில் எழுதியிருக்கும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில், இடைவெளி இல்லாமல் ஐந்து வருடம் முடித்தவருக்கு உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு 14 நாள் சம்பளம். கணக்குப் பார்ப்பது கடைசியாக எடுத்த சம்பளத்தில். 22 வருடம் கொழுந்து பறித்த ஒருவருக்கு 1,350 ரூபா நாட்சம்பளம் என்றால், வருடத்துக்கு 18,900 ரூபா. 22 வருடத்துக்கு 415,800 ரூபா.

ஓய்வு பெற்றால்தான் கிடைக்கும் என்பது தோட்டங்களில் ஊறிப்போன ஒரு தப்பான நினைப்பு. விலகினாலும், நிறுத்தப்பட்டாலும், இறந்துபோனாலும் உண்டு. வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் ஏறும்: ஒரு மாதம் வரை 10 வீதம் என்று தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 30 வீதம். "காசு இல்லை, தவணை தவணையாகத் தர்றோம்" என்று சொல்லி வருடக் கணக்கில் இழுக்கும் தோட்டங்கள் இருக்கின்றன. அந்த மேலதிகக் கட்டணத்தைக் கேட்டு வாங்குபவர் மிகக் குறைவு. தொழில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் கணக்குப் பார்த்து, முதலாளி கொடுக்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் வழியாக அறவிட நடவடிக்கை எடுக்கலாம்.

ஐந்து வருடம் என்ற வரி மிக முக்கியம். நான்கு வருடம் பதினோரு மாதத்தில் "புதுக் கம்பனி, புது நியமனக் கடிதம்" என்று மாற்றி எழுதச் சொன்னால், பழைய சேவை தொடரும் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

ஈ.பி.எஃப்.: இப்போது எடுக்க முடியாது, ஆனால் இப்போதே பார்க்க வேண்டும்

ஊழியர் சேமலாப நிதியம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளி 8, முதலாளி 12, மொத்தம் 20 வீதம். ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது ஆனபின் எடுக்கலாம். அதற்கு முன் எடுப்பதற்குச் சில காரணங்கள் உண்டு: பெண்கள் திருமணத்தை முன்னிட்டு வேலையை விடுவது, நிரந்தரமாக வேலை செய்ய முடியாத உடல்நிலை, நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுவது, ஓய்வூதியமுள்ள அரச வேலையில் சேர்வது. வேலை போய்விட்டது என்பது மட்டும் இந்தக் காரணங்களில் இல்லை. பத்து வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் மூன்று இலட்சமாவது இருப்பவர் 30 வீதத்தை முன்கூட்டி எடுக்கும் வழி ஒன்று உண்டு, ஆனால் அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் மட்டும். ஆகவே வேலை போன கையோடு ஈ.பி.எஃப். எடுத்துத் தருகிறேன் என்று ஹட்டன் டவுனில் யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

ஆனால் வேலை போகும் நேரம்தான் கணக்கைச் சரிபார்க்க நல்ல நேரம். முதலாளி கட்டாமல் விட்டிருந்தால், 55 வயதில் போய்க் கேட்கும்போது அந்தக் கம்பனியே இருக்காது. ஒவ்வொரு மாதப் பங்களிப்பும் அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேலானால் 50 வீதம் வரை தண்டம் உண்டு. உங்கள் சம்பளத்திலிருந்து வெட்டிய 8 வீதத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது வெறும் தாமதம் அல்ல, உங்கள் காசை எடுத்துக்கொள்வதுதான். அதைக் கேட்பதில் கூச்சம் எதற்கு? கூட்டு ஒப்பந்தம், வர்த்தமானி, பட்ஜெட் என்று தோட்டச் சம்பளத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. அந்தச் சம்பளத்திலிருந்து வெட்டிய காசு எங்கே என்று பேசுவதற்குத்தான் ஆள் குறைவு.

நிலுவை பற்றிய முறைப்பாடு தொழில் திணைக்களத்துக்குப் போகும். காசைக் காப்பது மத்திய வங்கி. வேலை மாற மாற ஒவ்வொரு இடத்திலும் ஒரு புதிய உறுப்பினர் இலக்கம் விழும். எல்லா இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், பின்னாளில் ஒன்றாகச் சேர்க்க இலகு.

அப்புறம் பெயர். மலையகத்தில் அதிகமான கோப்புகள் தேங்கி நிற்பது இதனால்தான். அடையாள அட்டையில் "முத்துசாமி செல்லம்மா" என்று இருக்கும். தோட்டத்து வரவுப் பதிவான செக்ரோலில் "செல்லம்மா" மட்டும். ஈ.பி.எஃப். பதிவில் கிளாக்கர் சிங்களத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய வேறொரு பெயர், அதில் அப்பாவின் முதலெழுத்தும் மாறியிருக்கும். பிறந்த வருடம் ஓரிடத்தில் 1974, இன்னோரிடத்தில் 1976. ஆள் ஒன்றுதான் என்று ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. வேலை இருக்கும்போதே தோட்ட ஆபிஸில் கேட்டு, அடையாள அட்டையில் உள்ளபடி எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளுங்கள். வேலை போன பின் என்றால், சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி அலைய வேண்டிவரும். பழைய அடையாள அட்டை இலக்கமும் புதிய பன்னிரண்டு இலக்க எண்ணும் இரண்டுமே பதிவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பருவ வேலையும் கைக்காசும்

"நான் டெம்பரரிதான், எனக்கு ஈ.பி.எஃப். இல்லை" என்று சொல்லும் பிள்ளைகளை நுவரெலியாவிலும் எல்ல நகரிலும் நிறையப் பார்க்கலாம். ஹோட்டல்காரர் அப்படிச் சொல்லியிருப்பார், இவர்களும் நம்பியிருப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நிரந்தரமோ தற்காலிகமோ, மாதச் சம்பளமோ நாட்சம்பளமோ துண்டு வேலையோ, முதல் நாளிலிருந்தே ஈ.பி.எஃப்.பும் ஈ.டி.எஃப்.பும் உண்டு. தகுதிகாண் காலம் என்று ஆறு மாதம் கழித்துத் தொடங்குவது சட்டத்துக்குப் புறம்பானது. வேலையாள் ஒரே ஒருவராக இருந்தாலும் முதலாளி கட்ட வேண்டும்.

தோட்டத்தில் கைக்காசு வேலை இன்னும் சிக்கலானது. செக்ரோலில் பேர் போடாமல், பறித்த கிலோவுக்கு அன்றன்றே காசு. கையில் காசு வருவதால் அது நல்லதுபோலத் தெரியும். பேர் விழாத நாளுக்கு ஈ.பி.எஃப். விழாது, சேவைக்காலக் கணக்கிலும் அந்த நாள் காணாமல் போகும் அபாயம் உண்டு. துண்டு துண்டாகத் தேயிலை நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கம்பனி வாங்கிக்கொள்ளும் வெளியார் உற்பத்தி முறையிலும் இதே கேள்விதான். அந்த முறைக்கு மாறச் சொன்னால், இதுவரை செய்த சேவைக்கு என்ன ஆகும், இனிமேல் ஈ.பி.எஃப். யார் கட்டுவது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்காமல் சரி சொல்லாதீர்கள். மாதம் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். ஆனால் இந்தக் கட்டுரையில் மேலே சொன்ன நான்கு வகைக் காசுக்கும் அடிப்படை "தொழிலாளி" என்ற நிலை. அது போனால் நான்கும் கேள்விக்குறியாகும்.

பருவத்துக்கு மட்டும் போகிறவர்கள் நியமனக் கடிதம் கேளுங்கள். தர மறுத்தால், வேலைக்குச் சேர்ந்த நாள், தினமும் வந்த நேரம், வாங்கிய காசு, மனேஜர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். சீருடையோடு எடுத்த படம்கூட, அங்கே வேலை செய்யவே இல்லை என்று சொல்லும்போது உதவும்.

கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்கு வந்து, "இனி வர வேண்டாம்" என்று போனில் கேட்டவர்களும் இருக்கிறார்கள். கடை எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதித் தொழில் அலுவலகம்தான் விசாரிக்கும். அதற்காகப் பஸ் ஏற வேண்டும் என்பதில்லை, முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

அஸ்வெசும பற்றி ஒரு வார்த்தை

வேலை போனதும் அஸ்வெசுமவுக்கு எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம், ஆனால் அது வேலையில்லாக் கொடுப்பனவு அல்ல. 2023 ஜூலையிலிருந்து வரும் இந்த நலன்புரித் திட்டம் குடும்பத்தின் வறுமையைப் பார்க்கிறது: கல்வி, உடல்நலம், வருமானம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள். சென்ற மாதம் வேலை போனது என்பதால் மட்டும் தானாகக் கிடைக்காது. விண்ணப்பம் திறக்கும் காலத்தையும் திருத்தம் கேட்கும் காலத்தையும் கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு வையுங்கள். ஏற்கெனவே கிடைக்கும் குடும்பத்தில் சம்பளம் நின்றுபோனால், அந்த மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள்.

யாருக்கு இதெல்லாம் எட்டவில்லை

கொழும்பிலும் கண்டியிலும் வீட்டு வேலைக்குப் போகும் நமது பெண்களை ஈ.பி.எஃப். சட்டம் வெளியே வைத்திருக்கிறது. இருபது வருடம் ஒரே வீட்டில் சமைத்து, பிள்ளை வளர்த்து, ஒரு நாள் போ என்றால், நூற்றுக்கு இருபது வீதம் சேர்ந்திருக்க வேண்டிய கணக்கு அவர்களுக்கு இல்லை. இது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். அவர்களுக்காகச் சட்டம் திருத்தப்பட வேண்டும், தொழிற்சங்கங்கள் தோட்ட எல்லைக்கு வெளியேயும் வந்து அதைக் கேட்க வேண்டும்.

அதுவரை அவர்களுக்குக் கையில் இருப்பது குறைவு. உழைத்த நாளுக்கான சம்பளத்தைத் தராவிட்டால் அதைக் கேட்டு முறைப்பாடு செய்யலாம். அவர்களுக்கும், சொந்தமாக முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு சிறிய வழி திறந்திருக்கிறது. சுயதொழில் செய்பவர் தாமாகவே ஈ.டி.எஃப்.பில் உறுப்பினராகப் பதிந்து, முடிந்ததைக் கட்டி வரலாம். வீட்டு வேலை செய்பவர் எந்த வகையில் பதியலாம் என்பதை ஈ.டி.எஃப். சபையில் நேரில் கேளுங்கள். போகும்போது அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டு போங்கள்.